கம்பிக் கடையில் ஒரு சதுரக் கொப்பி: விலைவாசிக் காலத்துக்கு நீண்டகால வரைபு போடும் முறை

2022 மே மாதம் நான் ஐந்து தொன் கம்பி வாங்கிக் கடைக்குப் பின்னால் அடுக்கினேன். பத்து மில்லிமீற்றரும் பன்னிரண்டும். ரூபா உருகுகிறது, காசை இரும்பாக்கி வைத்தால் தப்பலாம் என்று எண்ணம். திருகோணமலை மத்திய வீதியில் அப்பா காலத்திலிருந்து ஹாட்வெயார் கடை நடத்துகிறோம், இரும்பைப் பற்றி எனக்கு யார் சொல்லித் தருவது என்ற மிதப்பும் சேர்ந்தது. அந்த வருடம் கட்டட வேலை எல்லாம் படுத்துவிட்டது. வாராவாரம் கிண்ணியாவிலிருந்து லொறியோடு வரும் கொந்தராத்துக்கார நானா மாதக்கணக்கில் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்க, தறப்பாளுக்குக் கீழேயே கம்பி சிவக்கத் தொடங்கியது. அடுத்த வருடம் டொலர் இறங்கிய பிறகு புதுக் கம்பி என் துருப்பிடித்த கம்பியை விட மலிவாக வந்து இறங்கியது. போட்ட காசில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

காசு போனதை விட வேறொன்று என்னைச் சுட்டது. இரும்புத் தாதின் உலக விலை 2021 மே மாதத்திலேயே தொன்னுக்கு 230 டொலரைத் தொட்டு, அதே வருடம் நவம்பரில் 100க்குக் கீழே விழுந்திருக்கிறது. நான் ஓடி ஓடி வாங்கிய நேரம் அந்த உச்சத்துக்கு வயது ஒன்று. என் கடையில் கம்பி விலையை ஏற்றியது ரூபாவின் வீழ்ச்சி. இரும்பு தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு தாள் என்னிடம் இருக்கவில்லை.

இப்போது இருக்கிறது. போடுவது பெரிய வித்தை இல்லை.

பிள்ளைகள் கணக்குப் பாடத்துக்கு வாங்கும் சதுரக் கொப்பி, பென்சில், அடிமட்டம், கல்குலேட்டர். மகள் சொல்வாள், "அப்பா, இதெல்லாம் போனில ஒரு தட்டில வரும்" என்று. வரும்தான். போனில் பார்க்கிறவன் ஒரு நாளைக்கு இருபது தடவை பார்ப்பான், இருபது தடவை மனம் மாறுவான். கொப்பியில் மாதம் ஒரு புள்ளிதான் வைக்கலாம். எனக்கு அந்தத் தடுப்பு தேவைப்பட்டது.

மாத முடிவில் நான் குறிப்பது நான்கு எண்கள். டொலரின் ரூபா விலை, தங்கத்தின் உலக விலை டொலரில், கொழும்புப் பங்குச்சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். ஐந்தாவதாக உங்கள் தொழிலுக்குரிய ஒரு பண்டம். எனக்கு இரும்பும் செம்பும். பேக்கரிக்காரர் கோதுமை வைக்கலாம், படகு வைத்திருப்பவர் எண்ணெய் வைக்கலாம். டொலர் விலை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் கிடக்கிறது. பண்டங்களுக்கு உலக வங்கி மாதாமாதம் ஒரு விலைப் பட்டியல் வெளியிடுகிறது. இலவசம்தான், 1960இலிருந்து இருக்கிறது. பழைய எண்களை முதலில் வருடத்துக்கு ஒன்றாக நிரப்பிவிட்டு, கடைசி ஐந்து வருடத்தை மட்டும் மாதவாரியாகப் போட்டால் ஒரு போயா விடுமுறை தினத்தில் வேலை முடியும்.

கோடு போடும் முறையில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். சாதாரணமாக ஒரு சென்ரிமீற்றருக்கு ஆயிரம் புள்ளி என்று போட்டால் வரைபு பொய் சொல்லும். பங்குச் சுட்டெண் 2009இல் 1,503இலிருந்து 3,385க்குப் போனது. 2024இல் 10,654இலிருந்து 15,944க்குப் போனது. அப்படிப் போட்ட தாளில் முதலாவது இரண்டு சென்ரிமீற்றர் கூட வராது, இரண்டாவது ஐந்தைத் தாண்டும். பார்க்கிறவன் 2024தான் பெரிய வருடம் என்பான். காசு போட்டவனைக் கேட்டால், 2009இல் நூறு ரூபா 225 ஆனது, 2024இல் நூறு ரூபா 150 ஆனது.

ஆகவே இரட்டிப்புக் கணக்கில் போடுங்கள். படித்தவர்கள் மடக்கை அளவுத்திட்டம் என்பார்கள். அடியில் 100 என்று எழுதுங்கள். இரண்டு சென்ரிமீற்றர் மேலே 200. இன்னும் இரண்டு மேலே 400. பிறகு 800, 1,600, 3,200, 6,400, 12,800, 25,600. எட்டு இரட்டிப்பு, பதினாறு சென்ரிமீற்றர், கொப்பிப் பக்கத்துக்குள் அடங்கும். இரண்டு எண்களுக்கு நடுவில் விழும் கோடு ஒன்றரை மடங்கு இல்லை, 1.4 மடங்கு. 100க்கும் 200க்கும் நடுவில் 140 என்று எழுதுங்கள், போதும். அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 1985இல் 100 என்று தொடங்கியது, ஆகவே நாற்பது வருடக் கதை முழுக்க ஒரே பக்கத்தில் நிற்கும். இதில் 2009 இரண்டேகால் சென்ரிமீற்றர் ஏறும். 2024 ஒன்றைச் சற்றுத் தாண்டும். இப்போதுதான் தாள் உண்மை சொல்கிறது.

நுகர்வோர் சுட்டெண்ணில் ஒரு பொறி இருக்கிறது. எண்ணை 100 என்று வைத்துத் தொடங்கும் அடிப்படை ஆண்டை இடைக்கிடை மாற்றுவார்கள். 2013 அடிப்படையில் வந்துகொண்டிருந்தது 2023 தொடக்கத்தில் 2021 அடிப்படைக்கு மாறியது. நான் கவனிக்காமல் புது எண்ணை அப்படியே வைத்துவிட்டு, சாமான் விலை திடீரென்று குறைந்துவிட்டதா என்று ஒரு பின்னேரம் முழுக்கக் குழம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு அடிப்படையிலும் எண் உள்ள ஒரு மாதத்தைப் பிடித்து, பழையதைப் புதியதால் வகுத்து, வரும் விடையால் புது எண்களை எல்லாம் பெருக்கிக்கொண்டு போங்கள். கோடு முறியாது.

அடுத்தது தங்கம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் நம் ஆட்களுக்கு விலைவாசி என்றாலே முதலில் கை போவது பவுணுக்கு. உலக விலை சொல்வது ஓர் அவுன்ஸுக்கு. தங்கத்தில் ஓர் அவுன்ஸ் 31.1 கிராம், ஒரு பவுண் எட்டு கிராம். உலக விலையை எட்டால் பெருக்கி 31.1ஆல் வகுத்தால் ஒரு பவுண் சுத்தத் தங்கத்தின் டொலர் விலை. அதை டொலரின் ரூபா விலையால் பெருக்குங்கள். 22 கரட் என்றால் 24இல் 22 பங்கு எடுங்கள்.

2022 தொடக்கத்தில் உலக விலை 1,800 டொலர் அளவில். பவுண் 463 டொலர். டொலர் 200 ரூபா என்றால் 92,600 ரூபா. அதே 463 டொலரை மே மாத 360 ரூபாவால் பெருக்குங்கள்: 1 இலட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல். அந்த வருடம் முடியும்போது உலக விலை தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான் நின்றது. ஆக, 2022இல் தங்கம் ஏறியது என்று ஊர் முழுக்கப் பேசியதில் தங்கத்துக்குப் பங்கே இல்லை. 2025 வேறு விதம். மார்ச்சில் 3,000 டொலர், ஒக்டோபரில் 4,000 டொலர். ரூபா 300ஐ ஒட்டி அசையாமல் நின்றது. இந்த முறை ஏறியது தங்கமேதான். நகைக்கடை வாசலில் நிற்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். கொப்பியில் டொலர் கோடும் தங்கக் கோடும் தனித்தனி என்பதால் எது அசைகிறது என்று பார்த்தவுடன் பிடிபடும்.

நகைக்கடை விலை நம் கணக்கு விலைக்கு மேலேதான் நிற்கும், வரி, கடைக்காரர் இலாபம் எல்லாம் சேர்ந்து. அந்த இடைவெளியையும் ஒரு மூலையில் எழுதி வையுங்கள். 2022 ஜனவரி, பெப்ரவரியில் வங்கி விலை 203இல் கட்டிப்போடப்பட்டிருந்தது. நகைக்கடை விலையோ வங்கி டொலரில் போட்ட கணக்கை விட்டு நெடுந்தூரம் போயிருந்தது. தங்கம் விற்பவர்கள், வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரர் சொல்லும் டொலர் விலையில் கணக்குப் பார்த்தார்கள். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைக் கைவிட்டது. இடைவெளி திடீரென்று அகலும்போது பவுணைப் பார்க்காதீர்கள், டொலரைப் பாருங்கள்.

அதோடு ஒரு எச்சரிக்கை. 1980 ஜனவரியில் தங்கம் 850 டொலரைத் தொட்டது. அமெரிக்காவில் பணவீக்கம் 14 வீதத்தை ஒட்டி, எல்லாரும் வரிசையில் நின்று வாங்கினார்கள். வட்டியை 20 வீதம் வரை ஏற்றி விலைவாசியை அடக்கினார்கள். அந்த 850ஐத் தங்கம் மறுபடி தாண்டியது 2008 ஜனவரியில். 28 வருடம், அதுவும் டொலர் எண்ணளவில் மட்டும். வாங்கும் சக்தியைக் கணக்கெடுத்தால் காத்திருப்பு இன்னும் நீளம். நீண்ட வரைபு இல்லாமல் "தங்கம் ஒருநாளும் ஏமாத்தாது" என்று சொல்கிறவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன். அம்மாவிடம் மட்டும் காட்டவில்லை.

இனி பங்கு. பணவீக்க காலத்தில் சுட்டெண்ணை ரூபாவில் மட்டும் பார்ப்பது, கண்ணாடியில் முதுகைப் பார்க்க முயல்கிற மாதிரி. சுட்டெண்ணை டொலரின் விலையால் வகுத்து இன்னொரு கோடு போடுங்கள். 2021 முடிவில் 12,226ஐ 200ஆல் வகுத்தால் 61. 2022 முடிவில் 8,489ஐ 363ஆல் வகுத்தால் 23. 2024 முடிவில் 15,944, வரலாற்றில் இல்லாத உச்சம் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். டொலர் 293. வகுத்துப் பார்த்தால் 54. மூன்று வருடத்துக்கு முந்திய 61ஐ இன்னும் பிடிக்கவில்லை.

அதே கோட்டை மறுபக்கம் இருந்தும் வாசிக்கலாம். 2022 முடிவில் 23 என்றால் இந்த நாட்டுக் கம்பனிகள் எல்லாம் ஒரே வருடத்தில் பாதியிலும் குறைந்த விலைக்கு வந்துவிட்டன என்று அர்த்தம். தொழிற்சாலை அங்கேயே நிற்கிறது, தேயிலைச் செடி அங்கேயே நிற்கிறது. அப்போது வாங்கத் துணிந்தவர்கள் என் வட்டத்தில் ஒருவர்தான், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நான் அவருக்குப் பைத்தியம் என்று நினைத்தேன்.

இன்னுமொரு நீண்ட பக்கம்: 2011 பெப்ரவரியில் சுட்டெண் 7,800 அளவில் உச்சம் தொட்டது. அதைத் தாண்டியது 2021 ஜனவரியில். இடையில் டொலர் 110இலிருந்து 190க்குப் போய்விட்டது. கோடு படுத்தே கிடந்தது என்று தோன்றும், உள்ளே காசு கரைந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் பங்குச் சுட்டெண்ணும் இப்படித்தான். 1966இல் ஆயிரத்தைத் தொட்டுவிட்டு 1982 வரை அதையே சுற்றிச் சுற்றி வந்தது. அந்தப் பதினாறு வருடத்தில் அங்கே சாமான் விலை மூன்று மடங்கு. "பங்கு பணவீக்கத்தை வெல்லும்" என்பது நாற்பது வருடப் பக்கத்தில் உண்மை. பத்து வருடப் பக்கத்தில் எந்த வருடம் ஏறினீர்கள் என்பதைப் பொறுத்தது.

எப்போது உள்ளே போவது, எப்போது விலகுவது என்பதற்கு நான் பத்து மாதச் சராசரி வைத்திருக்கிறேன். கடைசிப் பத்து மாத முடிவு எண்களைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் ஒரு புள்ளி, சிவப்புப் பென்சிலில். மாத முடிவு சிவப்புக் கோட்டுக்கு மேலே நின்றால் இருப்பது இருக்கட்டும், கீழே விழுந்தால் புதிதாக வாங்குவதில்லை. இதை மந்திரமாக எடுக்கவேண்டாம். சுட்டெண் 2022 ஜனவரி 19ஆம் திகதி 13,462ஐத் தொட்டது. மாத முடிவில் சிவப்புக் கோட்டை உடைத்தது மார்ச்சில், அப்போதே 9,000க்குக் கீழே. மூன்றில் ஒரு பங்கு போன பிறகுதான் மணி அடித்தது. ஆனால் அதற்குப் பிறகு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள், சந்தையை ஐந்து நாள் மூடினார்கள், சுட்டெண் 7,000 சொச்சத்துக்குப் போனது. அந்த மிச்சத்திலிருந்து கோடு காப்பாற்றியிருக்கும். படுத்துக் கிடந்த வருடங்களில் இதே கோடு மேலும் கீழும் பொய்யாக ஆட்டி வைக்கும், தரகுக் கூலியில் கை கடிக்கும். அந்த மாதிரி நேரம் நான் அசைவதில்லை.

பண்டங்களின் வரைபுக்கும் பங்கின் வரைபுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பங்குக் கோடு நாற்பது வருடத்தில் மேலே போகும். பண்டக் கோடு மலை ஏறி மலை இறங்கும். 2008 ஜூலையில் மசகு எண்ணெய் பீப்பாய் 147 டொலர், டிசம்பரில் 40க்குக் கீழே. செம்பு 2011 தொடக்கத்தில் தொன் 10,000 டொலரைத் தாண்டியது, 2016 தொடக்கத்தில் 4,500க்கும் கீழே. விலை ஏறினால் மூடிக் கிடந்த சுரங்கத்தைத் திறப்பார்கள், வாங்குகிறவன் செம்பை விட்டு அலுமினிய வயருக்குப் போவான். ஆகவே பண்டத்தை நீண்ட பக்கத்தின் அடிவாரத்தில், யாரும் பேசாத நேரம் பார்க்கவேண்டும். பத்திரிகையின் முதற்பக்கத்துக்கு வந்த பண்டம் எனக்குத் தேவையில்லை. தவிர, இரும்பு வட்டி தராது, இடத்தைப் பிடிக்கும், கடற்கரை ஊரில் துருவும் பிடிக்கும்.

இலங்கையில் இருந்துகொண்டு எண்ணெயையும் செம்பையும் வெளிநாட்டுச் சந்தையில் வாங்க நம் செலாவணிச் சட்டம் இலேசில் விடாது. போனில் வந்து ஃபோரெக்ஸ், அதாவது வெளிநாட்டு நாணய வியாபாரம், கற்றுத் தருகிறேன் என்கிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள், மத்திய வங்கியே பல தடவை எச்சரித்திருக்கிறது. நமக்கு எட்டுவது தங்கம், அல்லது பண்டத்தோடு ஒட்டிய கொழும்புப் பங்குகள். ஒரு தரகர் மூலம், வாங்கும் பங்குகளை வைத்திருக்கும் சிடிஎஸ் கணக்கு திறந்தால் சரி. ஆனால் பண்டத்தின் விலை வேறு, அதைச் செய்கிற கம்பனியின் இலாபம் வேறு. தேயிலை ஏல விலை 2022இல் ஏறத்தாழ இருமடங்கானது. அதே வருடம் உர இறக்குமதித் தடையின் பாதிப்பில் நாட்டின் விளைச்சல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. சீமெந்தும் அப்படித்தான். சீனக்குடாவில் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை நம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, பங்கும் கொழும்பில் விற்கிறது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாவை ஒட்டி இருந்த 50 கிலோ பை, 2022 நடுப்பகுதியில் மூவாயிரத்தைத் தாண்டியது. பை விலையை மட்டும் பார்த்தவர் கம்பனிக்கு யோகம் என்பார். என் கடையில் போன பைகள் பாதியிலும் குறைவு. சீமெந்துக்கு அரைக்கும் மூலப்பொருளான கிளிங்கரோ டொலரில் வருகிறது. பை விலையை விட, எத்தனை பை போகிறது என்று என்னைப் போன்ற ஒரு கடைக்காரரிடம் கேளுங்கள்.

கடைசியாக வட்டி. இதை நான் முதலிலேயே கோடாகப் போட்டிருக்கவேண்டும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். அரசாங்கம் கடன் வாங்க விற்கும் ஒரு வருடத் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தை ஒட்டி. "எழுபது வீதம் விலை ஏறுது, முப்பது வீத வட்டி யாருக்கு வேணும்?" என்று கடையில் நானே உரத்துச் சொன்னேன். அந்த எழுபது கடந்துபோன பன்னிரண்டு மாதத்தின் கணக்கு, முப்பது வரப்போகும் பன்னிரண்டு மாதத்தின் கணக்கு என்று அப்போது உறைக்கவில்லை. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதம். தங்கத்தை இதே பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள். 2022 செப்டெம்பர் முடிவில் 1,660 டொலர், ரூபா 363, பவுண் 1 இலட்சத்து 55 ஆயிரம். 2023 செப்டெம்பர் முடிவில் 1,850 டொலர், ரூபா 324, பவுண் 1 இலட்சத்து 54 ஆயிரம். தங்கம் நின்ற இடத்தில் நின்றது. உண்டியலில் போட்ட இலட்சம் 1 இலட்சத்து 30 ஆயிரமானது. பணவீக்கம் உச்சத்தில் கத்தும்போது, வட்டியும் உச்சத்தில் இருந்தால், என் கொப்பி இப்போது முதலில் உண்டியலைத்தான் காட்டும். வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கத் தொடங்கும்போது பங்குப் பக்கத்தைத் திருப்புவேன். எனக்குப் புரிந்த ஒழுங்கு இது. அடகு வைத்த நகைக் காசில் எதுவும் வாங்குவதில்லை, எந்தப் பொருளையும் ஒரே நாளில் வாங்குவதில்லை, மூன்று மாத முடிவில் மூன்று பங்காகத்தான்.

போன மாதம் கிண்ணியா நானா வந்தார். "முதலாளி, கம்பி ஏறப்போகுதாம், மூண்டு தொன் எடுத்து வெச்சா என்ன?" என்றார். கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து கொப்பியை எடுத்து இரும்புப் பக்கத்தை விரித்தேன். விரலால் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனவர் 2022 மேயில் நான் பென்சிலால் போட்ட சின்னப் பெருக்கல் குறியில் நின்றார். "இது என்ன?" என்றார். "அது நான்" என்றேன். சிரித்துவிட்டு, நடக்கிற வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்.

பங்குப் பக்கத்தில் இப்போது வேறு பிரச்சினை. சுட்டெண் 2025 ஓகஸ்ட்டில் 20,000ஐத் தாண்டியது. 25,600 கோட்டுக்கு மேலே தாள் இல்லை. இன்னொரு கொப்பியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் வெட்டி மேலே ஒட்டியிருக்கிறேன், 51,200 என்று எழுதி.